ஓட்டை போடாமல் ஒரு எம்.ஜி.

கதவுக்குக் கீழே ஓடும் அடிச்சட்டத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்திப் பார்த்தேன். கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. மேலே இருந்த தகட்டில் பச்சைப் பெயின்ட்கூட உரியவில்லை. உள்ளே மரம் இருக்க வேண்டிய இடத்தில் கரையான் மண்தான் இருந்தது. வெளியே இழுத்தபோது ஒரு பிடி செம்மண் என் முழங்கால் பக்கத்தில் கொட்டியது.

கோட்டையூரில் எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் 1986-இலிருந்து நிற்கும் எம்.ஜி. டி.டி. என்ற பழைய பிரிட்டிஷ் கார் இது. ஐயா, அதாவது எங்கள் தாத்தா, பினாங்கில் செட்டியார்கள் தொழில் நடத்திய கிட்டங்கியில் இருந்தபோது 1951-இல் வாங்கியது. கப்பலில் மதராஸ் வந்து இறங்கியதும் அங்கிருந்து அவரே ஓட்டிக்கொண்டு வந்தாராம். இரண்டே பேர் உட்காரும் திறந்த கார், 1,250 சி.சி. இன்ஜின், 54 குதிரைத்திறன். இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1953 வரைக்கும் மொத்தம் 29,664 டி.டி. கார்கள் செய்தார்கள். உலகத்தில் இது அபூர்வமான கார் இல்லை. எங்கள் வீட்டில் இது ஒன்றுதான் இருக்கிறது, அதுவே எனக்குப் போதும்.

வீடு ஐந்து பங்கு என்பதால் காரும் ஐந்து பங்கு. முகப்பில் ஒரு ஓடு மாற்ற வேண்டுமென்றாலே ஐந்து வீட்டுக்கும் போன் போட வேண்டியிருக்கும்போது, காரை என்ன செய்வது என்பதை நான் தனியாக முடிவு செய்துவிட முடியாது. சித்திரையில் எல்லோரும் ஊருக்கு வந்திருந்த நேரத்தில் வளவில் உட்கார்ந்து பேசினோம். சென்னையில் இருக்கும் பெரியப்பா மகன் ஒரு யோசனையோடு வந்திருந்தார்.

“தம்பி, அந்த இன்ஜினைத் தூக்கிடு. ஜிப்ஸி இன்ஜின் ஒண்ணு நல்ல கண்டிஷன்ல சொல்லி வச்சிருக்கேன். 1.3 லிட்டர், அஞ்சு கியர். முன்னாடி டிஸ்க் பிரேக் போட்டுக்கலாம். வீட்டுக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு ஓட்டலாம், திருச்சி வரைக்கும் பயமில்லாமப் போய் வரலாம். ஓடாத காரை வச்சுக் கும்பிட்டுக்கிட்டா இருக்கப் போறோம்?”

“அண்ணே, முதல்ல இருக்கிற இன்ஜினைப் பிரிச்சுப் பாக்குறேன். ஆறு மாசம் குடுங்க. அது தேறாதுன்னு தெரிஞ்சா நீங்க சொல்றபடியே செய்வோம்.”

அண்ணன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஜிப்ஸி இன்ஜின் நீளவாக்கில் நிற்கும், பின்சக்கரத்தை ஓட்டும், சாமான் எங்கும் கிடைக்கும், குதிரைத்திறனும் கூடுதல். டி.டி.யில் பின் ஆக்ஸில் விகிதம் 5.125. அதாவது மணிக்கு 80 கிலோமீட்டர் போகும்போதே இன்ஜின் நிமிடத்துக்கு 3,400 சுற்றுக்கு மேல் சுற்றிக் கத்திக்கொண்டிருக்கும். வெளிநாட்டில் இந்தக் காருக்கு ஃபோர்டு ஐந்து கியர் பெட்டி பொருத்துகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் கார் மேல் அக்கறை இல்லாதவர்கள் இல்லை. தினமும் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள்.

ஆனால் ஜிப்ஸி இன்ஜின் உட்கார வேண்டுமென்றால் பழைய இன்ஜின் தாங்கிகளை சேஸிலிருந்து அறுத்து எடுக்க வேண்டும், புதியவற்றைப் பற்றவைக்க வேண்டும், ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டை வெட்டிக் குறைக்க வேண்டும், இன்ஜினுக்கும் சீட்டுக்கும் நடுவே உள்ள தீச்சுவரில் துளை போட வேண்டும். 20 வருஷம் கழித்து யாராவது மனம் மாறினால் திரும்ப முடியாது. ஐந்து பங்குச் சொத்தில் ஒரு தலைமுறை மட்டும் முடிவெடுத்து வெட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அன்று இரவே நோட்டில் ஒரு வரி எழுதிவைத்தேன்: இரும்பில் புதிதாகத் துளை இல்லை, வெட்டு இல்லை, வெல்டிங் இல்லை. போல்ட்டில் ஏறுவது போல்ட்டில் இறங்க வேண்டும். இதற்குள் அடங்குகிற எந்த மாற்றத்துக்கும் எனக்கு ஆட்சேபம் கிடையாது.

இன்ஜினைப் பிரித்தது வைகாசியில். மில்லில் பராமரிப்புப் பிரிவில் 22 வருஷம் வேலை பார்த்தவன் நான். இயந்திரம் பிரிப்பது புதிதில்லை. இருந்தும் முதல் நாளே இந்த இன்ஜின் ஒரு பாடம் நடத்தியது. போல்ட் தலைகளுக்குப் பழைய பிரிட்டிஷ் அளவான விட்வொர்த் ஸ்பேனர்தான் பொருந்துகிறது. பிரிட்டிஷ் கார், அது சரி. கழற்றிய போல்ட்டின் மரையை அளந்தால் 8 மில்லிமீட்டர், இடைவெளி 1 மில்லிமீட்டர். தலை இங்கிலீஷ், மரை பிரெஞ்சு. காரணம் தேடிப் படித்தபோது விளங்கியது. ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் கவென்ட்ரியில் நடத்திவந்த இன்ஜின் தொழிற்சாலையை மோரிஸ் 1923-இல் வாங்கியது. அங்கே இருந்த எந்திரங்கள் மில்லிமீட்டர் மரை வெட்டுபவை. எந்திரத்தை மாற்றாமல், ஊர் மெக்கானிக் கையில் இருக்கும் ஸ்பேனருக்குத் தகுந்தபடி தலையை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பழக்கம் டி.டி.யின் எக்ஸ்.பி.ஏ.ஜி. இன்ஜின் வரைக்கும் வந்துவிட்டது.

இது வெறும் சுவாரசியம் இல்லை. எங்கள் இன்ஜினில் ஒரு துளையின் மரை முழுதும் போயிருந்தது. உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது அம்பாசடர் போல்ட். எழுபதுகளில் ஏதோ ஒரு பட்டறையில் நடந்திருக்க வேண்டும். அம்பாசடரின் 5/16 போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 24 மரை, இடைவெளி 1.058 மில்லிமீட்டர். 1 மில்லிமீட்டர் மரைத் துளையில் அது மூன்று சுற்று அழகாக ஏறும். நாலாவது சுற்றில் இறுகும். ‘கொஞ்சம் துரு இருக்கு’ என்று நினைத்து ஸ்பேனருக்குக் குழாய் போட்டுத் திருகினால் பிளாக்கின் மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். இந்த இன்ஜினில் கை வைக்கப் போகிற யாருக்கும் நான் சொல்வது இதுதான்: கையால் கடைசி வரை ஏறாத போல்ட்டை ஸ்பேனரால் ஏற்றாதீர்கள். அந்தத் துளைக்கு 8-க்கு 1 அளவில் ஹெலிகாயில், அதாவது புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள், போட்டுச் சரிசெய்தேன். பழைய மரை இருந்த இடத்தில் மரைதான் வருகிறது. புதுத் துளையாக நான் கணக்கு வைக்கவில்லை.

மற்றபடி இன்ஜின் நான் பயந்த அளவுக்கு இல்லை. 66.5 மில்லிமீட்டர் சிலிண்டர் துளை (போர்) ஏற்கெனவே ஒரு முறை பெரிதாக்கப்பட்டிருந்தது, இன்னொரு முறை தாங்கும். பிளாக்கில் வெடிப்பு இல்லை. ஹெட்டைத் திறந்தது திறந்தாகிவிட்டது என்று எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கெட்டியான சீட் போடச் சொன்னேன். ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-இல் நின்றுபோனது. ஈயம்தான் பழைய வார்ப்பிரும்பு சீட்டுகளை அடிபடாமல் காத்துக்கொண்டிருந்தது. மதுரையில் போர் போட்டு, புது பிஸ்டன் வரவழைத்து, எல்லாம் சேர்த்து மூன்று மாதம் ஓடிவிட்டது. இன்ஜின் மேல் இருக்கும் எண்கோணத் தகட்டில் உள்ள எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்ததைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் ஒரு வார்த்தை பதில் போட்டார்: “சரி.”

டைனமோ கதையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஐயா காலத்திலேயே இன்ஜின் வேகமானியின் முள் அசையாது. மீட்டர் கெட்டுப்போய்விட்டது என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். பிரித்துப் பார்த்தால் மீட்டரில் ஒரு பழுதும் இல்லை. இந்தக் காரில் இன்ஜின் வேகமானிக்கான கேபிள் டைனமோவின் பின்புறத்தில் இருக்கும் சின்ன கியர் பெட்டியிலிருந்து வருகிறது. எப்போதோ பழைய டைனமோ எரிந்து, அம்பாசடர் டைனமோவை மாட்டியிருக்கிறார்கள். அதில் அந்தக் கியர் பெட்டிக்கு இடமே இல்லை. கேபிள் எங்கும் சேராமல் ஒரு கம்பியில் கட்டிக் கிடந்தது.

இந்த இடத்தில் ஆல்டர்னேட்டர் போட்டுவிடலாமா என்று எனக்கே ஆசை வந்தது. மெதுவாகப் போனாலும் சார்ஜ் ஏறும், விளக்கு மங்காது. இதுவும் போல்ட்டில் ஏறி இறங்குகிற மாற்றம்தான். என் விதிக்கு விரோதமில்லை. இரண்டு வாரம் யோசித்தேன். அப்புறம் இரண்டாம்கட்டில் சாமான் அறையைக் கிளறியபோது, விரிசல் விட்ட வெந்நீர் அண்டாவுக்குள் பழைய துணியில் சுற்றிய பழைய டைனமோ கிடைத்தது. பின்னால் கியர் பெட்டியோடு. ஐயா தூக்கிப் போடவில்லை. எடுத்துவைத்திருந்தார். காரைக்குடியில் ஆர்மெச்சர் சுற்றுகிற ஒருவர் நாலு நாளில் சுற்றிக் கொடுத்தார். இந்தக் காரில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் சேஸோடு இணைந்திருக்கும். புதிதாகச் சுற்றிய டைனமோவை மாட்டியதும், ஓட்டுவதற்கு முன் ஃபீல்ட் முனையை பேட்டரியின் உயிர் முனையோடு ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும், அப்போதுதான் சரியான துருவம் ஏறும். முதல் முறை ஸ்டார்ட் ஆனபோது நான் எண்ணெய் அழுத்தத்தைப் பார்க்க வேண்டியவன். வேகமானி முள் எழுந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசைந்து நான் பார்த்ததே இல்லை.

மரத்துக்கு வருகிறேன். இந்தக் காரில் உண்மையான கேள்வி அங்கேதான் இருந்தது.

டி.டி.யின் பாடி முழுதும் ஆஷ் மரச் சட்டம். சட்டத்தின் மேல் தகட்டை மடித்துச் சின்னச் சின்ன ஆணி அடித்திருப்பார்கள். கதவு பின்பக்கத் தூணில் தொங்கும், முன்பக்கம் திறக்கும். அந்தத் தூண் அடிச்சட்டத்தின் மேல் நிற்கிறது. அடிச்சட்டம் போனால் தூண் இறங்கும், தூண் இறங்கினால் கதவு மூடாது. எங்களுக்கு இரண்டு பக்க அடிச்சட்டமும் போய்விட்டது. இடது தூணின் காலும் போய்விட்டது. மேலே உள்ள சட்டங்கள், டேஷ்போர்டைத் தாங்குகிற மரம், பின்பக்க வளைவு எல்லாம் கல் மாதிரி இருந்தன. வலது தூணின் உட்பக்கம் பென்சிலில் ஒரு எண் எழுதியிருந்தது. 70 வருஷத்துக்கு முன் ஒரு தச்சர் கையெழுத்து. அதைத் துடைக்காமல் மேலே மெல்லிய வார்னிஷ் மட்டும் பூசினேன்.

செட்டிநாட்டில் மரத்துக்கா பஞ்சம் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். இடிக்கிற வீடுகளிலிருந்து வந்த பர்மா தேக்கு காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் அடுக்கிக் கிடக்கிறது. நூறு வருஷம் காய்ந்த மரம், கரையான் தொடாது, வளையாது, சுருங்காது. ஆஷ் மரமோ மண் ஈரம் பட்டால் சீக்கிரம் மக்கிவிடும். கரையானுக்கு அது விருந்து, பார்த்தோமே. அப்படியானால் முழுச் சட்டத்தையும் தேக்கில் செய்துவிட்டால் என்ன? அண்ணனும் இதையே சொன்னார். எனக்கும் அந்த எண்ணம் பிடித்திருந்தது. எங்கள் வீட்டுத் தூணும் காரும் ஒரே மரத்தில்.

அதைக் கெடுத்தவர் எங்களுக்கு வழக்கமாக வேலை செய்யும் ஆசாரியார். முன்பு பஸ் பாடி கட்டுகிற வேலைக்குப் போனவர், இரும்பும் மரமும் சேருகிற இடம் அவருக்குத் தெரியும். நான் ஆஷ் மரத்தைப் பற்றிப் படித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஊரில் சுத்தியல் காம்பு, கோடாலிக் காம்பெல்லாம் அந்த மரம்தான் என்றேன். கையில் இருந்த உளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

“தம்பி, தேக்குல கோடாலிக் காம்பு போட்டுப் பாத்திருக்கீங்களா?”

“இல்ல ஆசாரியாரே.”

“யாரும் போட மாட்டாங்க. தேக்கு நிக்கிற மரம். அடி வாங்குற மரம் இல்ல. இந்தக் கார் ஓடுறப்ப சேஸ் முறுக்கும், அதோட இந்தத் தூணும் முறுக்கணும். முறுக்குறதுக்குத்தான் அந்த ஊர்க்காரன் அந்த மரத்தைப் போட்டிருக்கான்.”

மறுநாள் ஒரே அளவில் இரண்டு பட்டைகள் இழைத்தார், ஒன்று தேக்கு, ஒன்று காரிலிருந்து எடுத்த நல்ல ஆஷ் துண்டு. இரண்டையும் வைஸில் பிடித்து வளைத்துக் காட்டினார். தேக்கு படக்கென்று போனது. ஆஷ் வளைந்து, நார் நாராகக் கிழிந்து, அப்போதும் முழுதாக விடவில்லை. ஒரே ஒரு சோதனைதான், நார் ஓட்டத்தைப் பொறுத்து மாறும் என்பது தெரியும். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கடைசியில் எடுத்த முடிவு இது. தூணின் காலுக்கும் மூட்டுகளுக்கும் ஆஷ். தூத்துக்குடி மர டிப்போ ஒன்றில் அமெரிக்க வெள்ளை ஆஷ் பலகை கிடைத்தது. சேஸின் மேல் நீளமாகப் படுத்துக் கிடக்கும் இரண்டு அடிச்சட்டத்துக்கும் பர்மா தேக்கு. அந்தச் சட்டம் சேஸோடு போல்ட் போட்டுப் படுத்திருக்கிறது, தனியாக வளைய வேண்டிய வேலை அதற்கு இல்லை. தண்ணீர் தேங்குவதும் கரையான் ஏறுவதும் அங்கேதான். இது ஒரிஜினலா என்று கேட்டால், இல்லை. அளவு, வடிவம், போல்ட் துளைகளின் இடம் எல்லாம் பழையபடியே. மரம் மட்டும் வேறு. அடிச்சட்டத்தின் உட்பக்கத்தில் என்ன மரம், எந்த வருஷம், யார் இழைத்தது என்று ஆசாரியாரையே பென்சிலால் எழுதச் சொன்னேன். பிற்பாடு திறக்கிறவருக்கு எது 1951, எது நம்முடையது என்பதில் குழப்பம் வரக் கூடாது.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன்னால் தின்னர் போட்டுத் துடைக்காவிட்டால் எபாக்ஸி பிடிக்காது. எங்களுக்கு முதல் மூட்டு இரண்டு நாளில் கையோடு வந்துவிட்டது, அப்புறம்தான் கற்றுக்கொண்டோம். அதைவிடப் பெரிய தவறு கதவில். பெஞ்சில் வைத்துச் சட்டத்தைச் சேர்த்தபோது கதவு வெண்ணெய் மாதிரி மூடியது. சேஸில் ஏற்றி போல்ட்டை இறுக்கியதும் கால் அங்குலம் மேலே நின்றது. சேஸ் நாம் நினைக்கிற அளவுக்கு நேர்க்கோடு இல்லை. பழைய தொழிற்சாலையில் பாடிக்கும் சேஸுக்கும் நடுவே சின்னத் துண்டுகள் வைத்து ஏற்றி இறக்கித்தான் கதவைப் பொருத்தியிருக்கிறார்கள். நாங்கள் ரப்பர் கான்வாஸ் துண்டுகளை வெட்டி வைத்து, ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தி இறுக்கி, மூன்று நாள் அதே வேலையாக இருந்தோம். இந்த மாதிரி மரப் பாடி வைத்திருப்பவர்கள் முதலில் சேஸில் ஏற்றிக் கதவைத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒட்டுங்கள்.

துரு எடுத்தது பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்த முறையில். அவர் சிக்ரியில் இருந்து ஓய்வு பெற்றவர். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் காரைக்குடிக்குக் கொண்டுவந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அது. துருப்பிடித்த கீல் ஒன்றை வைத்துக்கொண்டு மணல் வீச்சுக்கு அனுப்பலாமா என்று நான் யோசித்தபோது, “மணல் அடிச்சா நல்ல இரும்பும் சேர்ந்து போகும். வாளி, சலவைச் சோடா, பேட்டரி சார்ஜர், இது போதும்” என்றார். சோடாத் தண்ணீரில் பொருளைத் தொங்கவிட்டு நெகட்டிவ் முனை, பக்கத்தில் வேண்டாத இரும்புத் தகட்டில் பாசிட்டிவ். ஒரு ராத்திரியில் துரு கறுப்புப் பொடியாகக் கழன்று, பிரஷ்ஷில் வந்துவிடும். அவர் மூன்று எச்சரிக்கை சொன்னார். பாசிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கக் கூடாது, நச்சான குரோமியம் கரையும். ஹைட்ரஜன் வருவதால் திறந்த வெளியில் செய்ய வேண்டும். ஸ்பிரிங்கையும் கடினமாக்கிய போல்ட்டையும் இதில் போடக் கூடாது, ஹைட்ரஜன் உள்ளே போய் நொறுங்குகிற தன்மை வந்துவிடும். கீல், பிராக்கெட், பானட் தாழ்ப்பாள் எல்லாம் முற்றத்துச் சாக்கடை ஓரத்தில் வாளி வைத்து எடுத்தவைதான். ஒவ்வொன்றிலும் பழைய உளி அடையாளம்கூட அப்படியே இருந்தது.

பிரேக்கில் எனக்குத் தயக்கமே இல்லை. நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய்ச் சுற்று. எங்காவது ஒரு இடத்தில் ஒழுகினால் கைப்பிரேக்கைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. முன்பக்க டிஸ்க் வேண்டாம் என்று முடிவு செய்தேன், 60 கிலோமீட்டர் வேகத்துக்கு 9 அங்குல டிரம் தாராளம். ஆனால் சிலிண்டர்கள் அத்தனைக்கும் உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ், குழாய்கள் எல்லாம் செம்பு நிக்கல் கலவை, ஹோஸ் எல்லாம் புதிது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பெட்ரோல் வேறு விஷயம். இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை இளக்கிவிடும், காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு டேங்க்கின் அடியைத் துருப்பிடிக்க வைக்கும். ஹோஸ்களையும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்குவதாகப் பார்த்து மாற்றினேன். எஸ்.யு. கார்புரேட்டரில் ஜெட்டைச் சுற்றியிருந்த தக்கை வளையங்களுக்குப் பதிலாக ரப்பர் வளையம். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலிந்துபோகும். இரண்டு கார்புரேட்டரிலும் ஜெட் நட்டை ஆறில் இரண்டு முகம் கீழே இறக்கியதும் இன்ஜின் இருமுவது நின்றது. ஓட்டாமல் வைக்கும் மாதங்களில் டேங்க்கில் பெட்ரோலைத் தேங்கவிடுவதில்லை.

இண்டிகேட்டர் இந்தக் காரில் கிடையாது. ஐயா கையை நீட்டியே காலம் தள்ளினார். இன்றைக்குத் திருமயம் சாலையில் மணல் லாரிக்கு முன்னால் கையை நீட்டித் திரும்ப என்னால் முடியாது. பக்க விளக்குக்குள்ளும் பின் விளக்குக்குள்ளும் இரட்டை இழை பல்பு போட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு ரிலே பெட்டி வைத்து, ஏற்கெனவே இருந்த துளையிலேயே சுவிட்சைப் பொருத்தினேன். சீட் பெல்ட்தான் நெடுநாள் இழுத்தது. மரத்தில் பெல்ட்டை மாட்டுவது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. 6 மில்லிமீட்டர் தகட்டில் சேஸின் குறுக்குக் குழாயைக் கவ்விப் பிடிக்கிற பிராக்கெட் செய்து, இடுப்புப் பெல்ட் மட்டும் போட்டேன். பெல்ட் வெளியே வருவதற்குத் தரைப் பலகையில் வாய் வெட்ட வேண்டியிருந்தது. அதற்குப் புதுப் பலகை செய்து, பழைய பலகையை எடுத்துவைத்துவிட்டேன்.

சட்டப் பக்கத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் அண்ணனிடம் பேசினேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.க்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகச் சொன்னது. 2021-இல் வந்த விண்டேஜ் விதியில், 50 வருஷம் தாண்டிய வண்டி சேஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ மாற்றமில்லாமல் இருந்தால்தான் அந்தப் பதிவு கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பழைய பதிவு எண் இருப்பவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதிவில் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, பெட்ரோல், பராமரிப்பு என்று காரணம் வேண்டும். இந்தப் பதிவை எடுப்பதா வேண்டாமா என்று ஐந்து பேரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஜிப்ஸி இன்ஜின் ஏறியிருந்தால் அந்தப் பேச்சுக்கே இடம் இருந்திருக்காது.

ஒரு விஷயத்தில் நான் ஒரிஜினலுக்கு எதிராக முடிவு செய்தேன். ரேடியேட்டர் மூடி தொலைந்துபோனபோது ஐயா அரியக்குடியில் விளக்கு வார்ப்பவரிடம் பித்தளையில் ஒன்று செய்து வாங்கியிருக்கிறார். குத்துவிளக்கின் தலை மாதிரி கனமானது, நடுவில் சின்னத் தாமரை இதழ். இங்கிலாந்திலிருந்து எண்கோண முத்திரையோடு புது மூடி வரவழைக்கலாம், கிடைக்கிறது. நான் வரவழைக்கவில்லை. அம்பாசடர் டைனமோவைக் கழற்றிய அதே நான் இதை ஏன் விட்டேன் என்று அண்ணமிண்டி, அதாவது அண்ணன் மனைவி, கேட்டார்கள். டைனமோ அவசரத்துக்கு மாட்டியது, அதனால் ஒரு மீட்டர் செத்துப்போனது. மூடியை ஐயா யோசித்து, ஊர்க் கைவேலைக்காரரிடம் சொல்லிச் செய்தார், அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. 1951-இலிருந்து இந்தக் கார் எங்கள் ஊரில் வாழ்ந்ததற்கு அந்த மூடி சாட்சி. புளி போட்டு விளக்கிப் பழையபடி மாட்டினேன்.

கழற்றிய எல்லாவற்றையும் துணிப் பையில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று அட்டை கட்டி, இரண்டாம்கட்டுச் சாமான் அறையில் வைத்திருக்கிறேன். கரையான் தின்ற அடிச்சட்டத்தில் மிஞ்சிய அரை முழத் துண்டும் அங்கே இருக்கிறது.

புரட்டாசியில் அண்ணன் வந்திருந்தார். மூடுதுணி இன்னும் தைக்கவில்லை, சீட்டில் பழைய ஜமுக்காளம்தான். சாவியைக் கொடுத்தேன். கோட்டையூரிலிருந்து குன்றக்குடி போய், மலையடிவாரத்தில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். போகும்போது அவர் அதிகம் பேசவில்லை. வரும்போது 50-ஐத் தாண்டாமல், ஆலமரத்து நிழல் வந்தபோதெல்லாம் இன்னும் மெதுவாக்கி ஓட்டினார். கொட்டகையில் நிறுத்தி இறங்கியதும் பானட்டைத் தொட்டுப் பார்த்தார். ஜிப்ஸி இன்ஜின் பேச்சை எடுக்கவில்லை.

“ரெண்டாவது கியர்ல ஒரு சத்தம் வருதே தம்பி, அதை எப்பப் பிரிக்கிறோம்?”

“ஐப்பசி மழை விடட்டும் அண்ணே. கார்த்திகையில வாங்க, ரெண்டு பேருமாப் பிரிப்போம்.”

விட்வொர்த் ஸ்பேனர் செட்டில் எந்தெந்த அளவு குறைகிறது என்று எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.